அலுவலகத்தில் மட்டம் தட்டுவது: கொள்கை இருந்தும் ஏன் நிற்கவில்லை?

நீலவானம்:
சுமார் 40 பேர் வேலை பார்க்கும் நிறுவனம். துன்புறுத்தலுக்கு எதிரான கொள்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, அரை நாள் பயிற்சியும் முடிந்தது. ஆனாலும் மீட்டிங்கில் மட்டம் தட்டுவது, தகவல் தராமல் ஓரங்கட்டுவது, முடிக்கவே முடியாத கெடு வைப்பது எல்லாம் தொடர்கிறது. எழுத்தில் ஒரு புகார்கூட இல்லை. எங்கிருந்து தொடங்குவது? கனிவாகப் பேசுவதை எப்படிப் பழக்குவது?

தேன்மொழி:
புகார் வராததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புகார் யார் கைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். மட்டம் தட்டுபவரே மேலாளராக இருந்தால் யார் எழுதுவார்கள்? குறைந்தது இரண்டு வழிகள் வேண்டும், அதில் ஒன்று அந்த மேலாளருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் போக வேண்டும். புகார் கிடைத்ததை 2 வேலை நாட்களுக்குள் தெரிவியுங்கள், விசாரணை முடியும் தேதியையும் சொல்லுங்கள். அந்த நாட்களில் இருவரையும் பிரித்து வைக்க நேர்ந்தால், புகார் கொடுத்தவரை அவர் கேட்காமல் இடம் மாற்றாதீர்கள். அதைப் பார்த்த மற்றவர்கள் அப்புறம் வாயே திறக்க மாட்டார்கள்.

'இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்பது சம நிலையில் உள்ளவர்களின் கருத்து வேறுபாட்டுக்குச் சரி. மாதக்கணக்கில் நொந்துபோனவரை நோகடித்தவர் எதிரே உட்கார வைத்தால் புண்ணைக் கிளறுவதுதான் நடக்கும்.

ரஃபி:
1980களில் ஸ்வீடனில் இதை ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், காரணத்தை ஆட்களின் குணத்தில் தேடவில்லை, வேலை அமைப்பில் தேடினார். எது யார் பொறுப்பு என்ற குழப்பமும் கண்டும் காணாமல் இருக்கும் மேலாளரும் சேர்ந்தால் இது வளரும். ஆகவே யார் முடிவெடுப்பார், இரண்டு பேர் முரணான வேலை கொடுத்தால் யார் தீர்த்து வைப்பார் என்று ஒவ்வொரு பணிக்கும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

லேமன் வாரம் ஒருமுறையாவது, 6 மாதமாவது நடக்க வேண்டும் என்ற அளவுகோல் வைத்திருந்தார். அது ஆய்வுக்கானது, கொள்கையில் நிபந்தனையாக்காதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆவது உடன்படிக்கை, ஒரே முறை நடந்ததையும் துன்புறுத்தலாகவே கொள்கிறது.

பெயரில்லாத கருத்துக் கணிப்பு நடத்துங்கள். 'இங்கே மரியாதை இருக்கிறதா?' என்று கேட்டால் எல்லோரும் 'ஆம்' போட்டுவிடுவார்கள். 'கடந்த 6 மாதத்தில் உங்கள் வேலைக்குத் தேவையான தகவலை யாராவது தராமல் விட்டார்களா? எத்தனை முறை?' என்று நடந்ததைக் கேளுங்கள். 40 பேரில் துறைவாரியாக முடிவைப் பிரித்தால் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும், பிரிக்க வேண்டாம்.

மல்லிகை:
பேச்சுக்கு, 'வன்முறையற்ற தொடர்பாடல்' என்ற முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் சொன்ன நான்கு படிகள் உதவும்: கண்டது, உணர்வு, தேவை, வேண்டுகோள். 'நீங்கள் எப்போதுமே அலட்சியம்' என்பது தீர்ப்பு. அதையே, 'இந்த வாரம் இரண்டு அறிக்கைகள் 3 மணிக்குப் பிறகு வந்தன. எனக்குப் பதற்றமாக இருந்தது, சரிபார்க்க நேரம் வேண்டும். அடுத்த வாரம் 12 மணிக்குள் தர முடியுமா? எது தடை?' என்று கேட்கலாம். 'முடியாது' என்ற பதிலுக்கு இடமில்லையென்றால் அது வேண்டுகோளே இல்லை, கட்டளை. 'என்னை அவமதிப்பதாக உணர்கிறேன்' என்பதிலும் குற்றச்சாட்டுதான் இருக்கிறது, உணர்வு இல்லை.

இதை மேலாளர்களுக்கு முதலில் பழக்குங்கள். பாதிக்கப்பட்டவரிடம் 'நீங்கள் கனிவாகப் பேசிப் பாருங்கள்' என்று சொல்வது கொடுமை. பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வரி போதும்: 'அவர் சொல்லி முடிக்கட்டும்.' மீட்டிங் முடிந்ததும் தனியாக, 'நான் என்ன செய்தால் உங்களுக்கு உதவும்?' என்று கேட்கலாம்.

நீலவானம்:
நன்றி. புகார் போகும் வழியை முதலில் மாற்றிவிட்டு, அதன் பிறகு கணிப்பு நடத்தலாம் என்று இருக்கிறேன்.

தேன்மொழி:
அந்த வரிசை சரி. கணிப்பு முடிவை எல்லோருக்கும் காட்டுங்கள், எதை எந்தத் தேதிக்குள் மாற்றப் போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்த முறை யாரும் நிரப்ப மாட்டார்கள்.