‘பிரஷ் ரோல்’: தமிழில் எப்படி எழுதுவது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வேக்குவம் கிளீனர் ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். நாளை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். கருவியைத் ‘தூசி உறிஞ்சி’ என்று எழுதிவிட்டேன், அதில் தயக்கமில்லை. பழுதுநீக்கும் பகுதியில் வரும் ‘பிரஷ் ரோல்’தான் இரண்டு நாளாக என்னை நகரவிடவில்லை. உறிஞ்சும் முகப்பின் அடியில் கிடந்து, கம்பளத்தைத் தட்டிக் கிளறித் தூசியை மேலெழுப்பும் உருளை அது. விறைப்பான இழைகள் அதன்மேல் திருகு வரிசையாகப் பதிந்திருக்கும். இந்தக் கருவியில் ஒரு ரப்பர் பட்டை அதை மோட்டாருடன் இணைக்கிறது. தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டால் உருளை நின்றுவிடும், மோட்டார் நிற்காது. பட்டை வழுக்கித் தேய்ந்து கருகல் நாற்றம் கிளம்பும். வெறும் ‘பிரஷ்’ என்று எழுத வழியில்லை, ஏனெனில் அதே பக்கத்தில் இடுக்குகளுக்கான சிறு பிரஷும், வடிகட்டியைத் துடைக்கும் கைப்பிரஷும் வருகின்றன. இப்போதைக்குத் ‘தூரிகை உருளை’ என்று இட்டு வைத்திருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

* * *

‘சுழல்தூரிகை’ என்றால் ஒரே சொல்லாக அமையுமே. வேலையும் பெயரிலேயே தெரிந்துவிடும்.

* * *

அம்மா, இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. தூரிகை என்பது வடமொழித் ‘தூலிகா’வின் திரிபு, ஓவியன் கையில் இருக்க வேண்டியதைத் தரையில் போட்டுத் தேய்ப்பானேன்? சுழல்தூரிகை என்று முன்மொழிந்தவர் நன்னூலையும் மறந்துவிட்டார். லகரத்தின் முன் வரும் தகரம் றகரமாகத் திரியும் என்பதால் அது ‘சுழற்றூரிகை’ ஆகிவிடும். படிப்பவர் அதைச் ‘சுழற்று, ஊரிகை’ என்று பிரித்துவிட்டு, ஊரிகை என்பது எந்த உறுப்பு என்று கருவியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்ப்பார்.

பெருக்குவதற்கு ‘அலகிடுதல்’ என்று நமக்கொரு பழஞ்சொல் உண்டு. அப்பர் ‘புலர்வதன்முன் அலகிட்டு’ என்கிறார். அலகு என்றால் துடைப்பம். ஆகவே ‘அலகுருளை’ என்பதே பொருத்தம். அது பழமையாகத் தோன்றினால் ‘மயிருருளை’ என்று எழுதுங்கள். மயிர் வசைச்சொல் ஆனது நம் காலத்துக் கோளாறு. தலையின் இழிந்த மயிரையும், மயிர் நீப்பின் வாழாக் கவரிமாவையும் வள்ளுவர் கூச்சமின்றித்தான் பாடினார்.

* * *

ஐயா பொறுத்தருள வேண்டும். வீட்டுக் கருவிகளைப் பழுது பார்க்கக் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு கலைச்சொல்லை அகராதியில் வைத்துப் பார்ப்பதைவிட, அது நிற்கப்போகும் வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, முகப்பைக் கவிழ்த்து, அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றி உருளையை வெளியே எடுக்கிறோம். இழை வரிசைகளுக்கு நடுவே கத்தரிக்கோலை நுழைத்து, சுற்றியிருக்கும் முடியை வெட்டி உருவுகிறோம். இங்கே ‘மயிருருளையில் உள்ள மயிரை வெட்டி நீக்கவும்’ என்று அச்சிட்டால், சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒருவர் உருளையை மொட்டையடித்துவிடுவார். எந்த மயிர் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதுதான் அந்த அறிவுரையின் உயிரே.

‘அலகு’ என்றதும் என் மாணவர்கள் மீட்டரையும் கிலோகிராமையும் நினைப்பார்கள், மிஞ்சினால் கிளியின் மூக்கை. சொல் அழகானதுதான், ஆனால் அந்த இடத்தை அளவை எப்போதோ பிடித்துக்கொண்டது.

தூரிகை வடசொல் என்பதாலேயே தள்ளவும் வேண்டியதில்லை. வடசொல் ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி, வருவதைத் தொல்காப்பியரே ஏற்றிருக்க, ஒரு வடவெழுத்தும் இல்லாத தூரிகைக்கு நாம் ஏன் கதவடைக்க வேண்டும்?

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ‘உருளையில் சிக்கல்’ என்று எழுதிவிடாதீர்கள். சிக்கல் என்றால் இன்று பொதுவாகப் பிரச்சினை என்றே பொருள்படுகிறது. ‘அடைப்பு’ என்பதும் சரிவராது, அது குழாய்க்கு உரியது. அப்படி எழுதினால் குழாயைக் கழற்றிக் குச்சியால் குத்திக்கொண்டிருப்பார்கள். ‘உருளை சுழலவில்லை’ என்று கண்ணால் கண்டதை எழுதுவதே போதும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நடுவில் சுற்றிய முடி கண்ணில் படும், ஆனால் உருளையின் இரு முனைகளிலும் மூடிக்கு உள்ளே புகுந்த முடி அச்சைச் சுற்றிக் கம்பளித் துணிபோல இறுகிக் கிடக்கும். அதை ஊசியால் நெம்பி எடுத்தபின் விரலால் ஒரு சுண்டு சுண்டினால் உருளை தடையின்றிச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் கோளாறு பேரிங்கில் இருக்கலாம்.

* * *

நன்றி. முனை மூடிகளைப் பற்றி மூலத்தில் ஒரு சொல்கூட இல்லை. அடிக்குறிப்பாகச் சேர்க்க இசைவு கேட்டிருக்கிறேன். இதுவரை எழுதியோரில் நால்வர் ‘தூரிகை உருளை’ போதும் என்கிறார்கள், ஒருவர் ‘பிரஷ் உருளை’ என்கிறார். கடைக்குப் போய் உதிரியுறுப்பு கேட்பவருக்குப் பின்னதுதான் உதவும் என்பதை மறுக்க முடியவில்லை. ஆகவே உறுப்புகளின் படத்தில் மட்டும் ‘தூரிகை உருளை’யின் கீழ் ‘பிரஷ் ரோல்’ என்றும் அச்சிடச் சொல்கிறேன். சுழல்தூரிகையைக் கைவிடுவதில்தான் எனக்கு வருத்தம்.

* * *

பெரும்பான்மை வென்றது, நான் தோற்கவில்லை. அலகுருளையை என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, அம்மா: ‘தூரிகையுருளை’ என்று சேர்த்தாவது எழுதுங்கள். யகர உடம்படுமெய் இருக்கும்போது அவற்றுக்கிடையே வெற்றிடம் எதற்கு? பிரித்து அச்சிட்டால் தூரிகை வேறு, உருளை வேறு என்று எண்ணி, உருளையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தூரிகையைத் தேடிக்கொண்டிருப்பார்.

* * *

ஐயா, சேர்த்து எழுதினால் அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்காமல் ‘தூரிகையு’ ஒரு வரியிலும் ‘ருளை’ மறு வரியிலும் விழுகின்றன. பிரித்தே அனுப்பிவிட்டேன்.