புதுப்பிப்பு: பழைய ஃபைபர் ஸ்பீட்போட்டின் பின்பலகை சரியாகிவிட்டது

1974-ஆம் வருட 15 அடி படகு. மோட்டார் மாட்டும் பின்பலகையைத் தட்டினால் 'பொத்துப் பொத்து' என்கிறது, என்ன செய்யலாம் என்று கோடையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

உள்பக்கமாகச் சின்னத் துளைகள் போட்டு, ஃபைபருக்கு நடுவில் இருக்கும் மரத்தின் தூளைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. மேலே காய்ந்த, வெளிறிய தூள் வந்தது. அடியில் துளையிட்டதும் காபிச் சக்கை மாதிரி கறுப்பாக, ஈரமாக வழிந்தது. அப்புறம் யோசிக்கவே இல்லை. வெளிப்பக்க ஃபைபர் அடுக்கைத் தொடாமல் உள்பக்க அடுக்கை மட்டும் அறுத்தெடுத்து, மக்கிய மரத்தைச் சுரண்டிவிட்டு, 18 மி.மீ. மரைன் பிளைவுட் (படகுக்கான ஒட்டுப்பலகை) இரண்டை எபாக்ஸி என்ற பிசினால் ஒட்டி, மேலே கண்ணாடி இழைத் துணி போர்த்தினேன்.

எதிர்பாராதது ஒன்று. இங்கே ஒன்டாரியோவில் செப்டம்பர் இரவுகள் குளிர்ந்ததும், காய்ந்த எபாக்ஸியின் மேல் மெழுகு போல ஒரு படலம் படிந்தது. உப்புத்தாள் உடனே அடைத்துக்கொண்டது. வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும், போய்விடும். கழுவாமல் தேய்க்காதீர்கள், அடுத்த பூச்சு ஒட்டாது. எபாக்ஸி மேல் ஜெல்கோட் (ஃபைபர் படகுகளின் பளபளப்பான மேல்பூச்சு) சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்பதால் பெயின்ட்தான் அடித்தேன்.

மோட்டாரை மாட்டி ஏரியில் மூன்று தடவை ஓட்டியாயிற்று. பலகை அசையவில்லை.