பொருள்: வீட்டுச் சுவரில் மாட்டும் கார் சார்ஜருக்கு என்ன பெயர்? (கலைச்சொல் இழை)

குழுமத்தாருக்கு வணக்கம்.

'வீட்டு மின்னேற்று நிலையம்' என்றே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று போன வாரம் இந்த இழை முடியப் பார்த்தது. நான் வாய் திறக்கவில்லை. அந்தச் சார்ஜர் பெட்டி அப்போது என் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. இப்போது வந்துவிட்டது, கையையும் சுட்டுக்கொண்டேன். சுட்டது மின்சாரம் இல்லை, பணம்.

முதலில் 'நிலையம்'. கடலூரில் நிலையம் என்றால் பேருந்து நிலையம், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம், துணை மின்நிலையம். என் வீட்டுப் போர்ட்டிகோ சுவரில், குடை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் தொங்குவது ஒரு முறுக்கு டப்பா அளவுப் பெட்டி. அதைப் போய் நிலையம் என்பது கொஞ்சம் அதிகம். ஆனால் என் உண்மையான சண்டை, சார்ஜருக்கு நாம் சொல்கிற 'மின்னேற்றி'யோடுதான்.

மின்சாரக் கார் வாங்கும்போது கடையில் சொன்னார்கள்: "சார், 7.2 கிலோவாட் சார்ஜர் போட்டுக்குங்க, சீக்கிரம் ஏறும்." பெரிய சார்ஜர் என்றால் வேகமாக ஏற்றும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெட்டியை வாங்கினேன். 32 ஆம்பியர் தாங்க வேண்டும் என்று மீட்டரிலிருந்து போர்ட்டிகோ வரைக்கும் 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்தேன். 40 ஆம்பியர் எம்சிபி, தனி எர்த்துக் குழி, லோடு உயர்த்த மனு, எல்லாம் ஆயிற்று. பேட்டரி 30 யூனிட். கணக்குப்படி நாலரை மணி நேரத்துக்குள் நிரம்ப வேண்டும். இரவு 10 மணிக்குச் செருகினேன். காலையில் பால்காரர் வந்து போன பிறகும் ஏறிக்கொண்டே இருந்தது.

பெட்டி பழுது என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கம்பி இழுத்தவர் அவர்தான். மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு கைப்பிடி அளவு கான்டாக்டர் (மின்பாதையை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்), ஒரு சின்ன சர்க்யூட் பலகை, மின்கசிவைப் பார்க்க ஒரு வளையம். வேறு ஒன்றும் இல்லை. காரில் செருகி, "கேளுங்க" என்றார். இரண்டு மூன்று நொடி கழித்து 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"சார்ஜர் கார்லயே இருக்கு சார். உங்க கார்ல இருக்கிறது 3.3 கிலோவாட். இது சும்மா தொறந்து மூடுறது. இதுல எவ்ளோ பெருசு போட்டாலும் கார் அவ்ளோதான் குடிக்கும்."

விஷயம் அவ்வளவுதான். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது டிசி, அதாவது ஒருதிசை மின்சாரம். அதை மாற்றி, அளவு பார்த்து பேட்டரிக்குள் ஏற்றுகிற வேலையைக் காருக்குள் இருக்கும் கருவி செய்கிறது. உண்மையான மின்னேற்றி அதுதான். சுவரில் இருப்பது எதையும் ஏற்றவில்லை. புறவழிச்சாலையில் நிற்கிற பெரிய டிசி இயந்திரத்தின் கதை வேறு. அங்கே மாற்றும் வேலை வெளியிலேயே நடந்து, நேரே பேட்டரிக்குப் போகிறது. அதைத் தாராளமாக மின்னேற்றி என்று சொல்லலாம். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்ததால்தான் எனக்கு இந்தச் செலவு. 3.3 கிலோவாட் காருக்கு ஒழுங்கான 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டே போதும். மணிக்கணக்காக முழு ஆம்பியரும் ஓடும் என்பதால், அயர்ன் பாக்ஸ் செருகிப் பழகிய பழைய பாயின்ட்டில் மட்டும் போடக் கூடாது, உருகிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: காருக்குள் இருப்பது மின்னேற்றி. சுவரில் இருப்பது மின்மடை.

என் அம்மா ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணத்துப் பாசனம். வாய்க்காலில் தண்ணீர் இருக்கும், வயல் காத்திருக்கும். நடுவில் மடை. மடை தண்ணீரை உண்டாக்காது, ஏற்றாது. திறக்கும், அடைக்கும். எலெக்ட்ரீஷியன் "தொறந்து மூடுறது" என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கருத்துச் சொல்லுங்கள்.

— மஞ்சக்குப்பம், கடலூர்

----

ஐயா, வணக்கம்.

உங்கள் பிரிப்பு சரி. மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், தர ஆவணங்களே அந்தப் பெட்டியை 'மின்வண்டிக்கு மின்சாரம் வழங்கும் சாதனம்' என்கின்றன. 'சார்ஜர்' என்பது விற்கிறவர்கள் வைத்த பெயர்.

ஆனால் 'மடை'யில் எனக்கு இரண்டு தயக்கம்.

ஒன்று, வாய்க்கால் மடையில் எவ்வளவு தண்ணீர் போகும் என்பதைத் திறப்பின் அளவு தீர்மானிக்கிறது. இங்கே எடுத்துக்கொள்வது கார். நீங்கள் கேட்ட அந்த 'டக்'குக்கு முன்னால் நடப்பதைச் சொல்கிறேன். கேபிளில் மின்சாரம் போகும் கம்பிகளைத் தவிர பைலட் என்று ஒரு மெல்லிய கம்பி உண்டு. பெட்டி அதில் 12 வோல்ட் வைத்திருக்கும். செருகியதும் கார் அதை 9 ஆக இறக்கும், 'வந்துவிட்டேன்' என்று பொருள். ஏற்றத் தயாரானதும் 6 ஆக இறக்கும். அதற்குப் பிறகுதான் கான்டாக்டர் இணைந்து மின்சாரம் போகும். பெட்டியும் சும்மா இருப்பதில்லை. அந்தக் கம்பியில் நொடிக்கு 1000 துடிப்பு அனுப்பி, ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை வைத்தே 'இத்தனை ஆம்பியர் வரைக்கும் எடுத்துக்கொள்' என்று சொல்லிவிடும். 16 ஆம்பியருக்குத் துடிப்பு நேரத்தில் சுமார் 27 விழுக்காடு மேலே நிற்கும், 32 ஆம்பியருக்குச் சுமார் 53. இப்படிப் பேச்சுவார்த்தை நடத்துகிற மடையை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, 'மின்தடை'. பாடப்புத்தகத்தில் அது ரெசிஸ்டன்ஸ், செய்தித்தாளில் கரண்ட் கட். ஏற்கெனவே இரண்டு பொருளில் அல்லாடுகிற சொல். அதன் பக்கத்தில் 'மின்மடை'யையும் உட்கார வைத்தால், போனில் காதில் விழுவது எது என்று யாருக்குத் தெரியும்? "எங்க வீட்ல மின்மடை சார்" என்று ஒருவர் கூப்பிட்டால் லைன்மேன் ஏணியோடு வந்து நிற்பார்.

எங்கள் ஊரில் பிரெஞ்சு படித்த பெரியவர் ஒருவரைக் கேட்டேன். அவர்கள் இதைப் 'போர்ன்' என்கிறார்களாம். மைல்கல், எல்லைக்கல் என்று பொருள். நின்றுகொண்டிருக்கும் தோற்றத்தை வைத்து வந்த பெயர். நமக்கு உதவாது. மின்வழங்கி என்று வைத்தால் என்ன?

சொல் எதுவானாலும், மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் ஸ்விட்சான ஆர்சிசிபி, சாதாரண வகை என்றால் ஏசி கசிவுக்கு மட்டும்தான் விழும். காருக்குள் டிசி இருக்கிறது. டிசி கசிந்தால் அது கண் மங்கி உட்கார்ந்துவிடும், ஏசி கசிவு வந்தாலும் விழாமல் போகலாம். பெட்டிக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இருந்தால் வெளியே ஏ டைப் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போதும். இல்லையென்றால் டிசி கசிவுக்கும் விழுகிற பி டைப், விலை கூட. உயரமும் முக்கியம். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் ரெயின்போ நகர்ப் பக்கம் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவன் நான். சுவரில் அந்தக் கறை எதுவரை இருக்கிறதோ, அதற்கு மேலே மாட்டச் சொல்கிறேன்.

— லாஸ்பேட்டை, புதுச்சேரி

----

இருவருக்கும் வணக்கம். சுருக்கமாக.

'வழங்கி' ஏற்கெனவே கணினிக்காரர்களிடம் போய்விட்டது. சர்வருக்கு அதுதான் பெயர். 'மின்வழங்கி' என்றால் மாணவர்கள் மின்னஞ்சல் சர்வர் என்று எழுதுவார்கள். திருத்திப் பார்த்தவள் சொல்கிறேன்.

'மின்னூட்டி' என்று யாரும் சொல்லாமலே விட்டுவிட்டீர்கள், நல்லது. இங்கே பாடநூலில் மின்னூட்டம் என்பது சார்ஜ் என்ற இயற்பியல் அளவு. அதே அளவுக்கு இலங்கைப் பாடநூலில் மின்னேற்றம் என்று பெயர். இரண்டு கரைக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்றால் ஊட்டு, ஏற்று இரண்டையும் தொடாத சொல்லே நல்லது. அந்த வகையில் மடை எனக்குப் பிடிக்கிறது.

ஒரு கேள்வி. மடையா, மதகா? பலகை போட்டு ஏற்றி இறக்குவது மதகு. கருவி என்று பார்த்தால் அதுதானே கிட்ட வருகிறது?

'மடையன்' என்று யாராவது கேலி செய்வார்களே என்ற பயமும் உண்டு. வகுப்பில் முதல் நாளே நடக்கும்.

— நெய்வேலி (காருக்குள் போகும் கரண்டில் ஒரு பங்கு எங்கள் ஊர் நிலக்கரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்)

----

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி.

மதகு பெரிய விஷயம். ஏரிக்கரையில் இருக்கும், நீர்வளத்துறை பூட்டுப் போடும். மடை வயல் ஓரத்தில் இருக்கும், நம் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு போய்த் திறப்பது. வீட்டுச் சுவருக்கு மடையே பொருந்தும். ஒரு அடுக்ககத்துக்கே பொதுவாகப் பத்து காருக்குப் பிரித்துக் கொடுக்கும் பெரிய அமைப்பு வந்தால், அதற்கு மதகை எடுத்து வைத்துக்கொள்வோம்.

ஐயா சொன்ன பேச்சுவார்த்தைக்கு: ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். யார் வயலுக்கு முறை, எவ்வளவு நேரம் என்று சொல்லித் திறப்பவர் அவர். மடை ஊமைதான், பேசுவது நீர்க்கட்டி. பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை செய்வது அந்த வேலையைத்தான். 'இத்தனை ஆம்பியர் வரைக்கும்' என்று முறை சொல்கிறது. வயல் அதற்கு மேல் குடிக்காது, குறைவாகக் குடிக்கலாம். என் கார் குடித்த மாதிரி.

மின்தடைக் குழப்பத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எழுத்தில் குழப்பம் வராது, காதில் வரும். 'கார்மடை' என்று சொல்லிப் பார்த்தேன், அது மழை மேகத்துக்குப் போகிறது, கேட்க அழகு, பயன் இல்லை. பேச்சில் வெறும் 'மடை' என்றாலே போதும் என்று தோன்றுகிறது. மின்விசிறியை யார் மின்விசிறி என்று சொல்கிறார்கள்?

ஒரு சொல் பிழைக்குமா என்பதை அதிலிருந்து வினை கிளம்புகிறதா என்று பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன். மடை திறந்தது, மடை அடைத்தது. ஆப்பில் 'இரவு 11 மணிக்கு மடை திறக்கும்' என்று எழுதலாம். வீட்டில் இரண்டு கார், ஏசி, மோட்டார் எல்லாம் ஓடும்போது சில பெட்டிகள் தானாகவே ஆம்பியரைக் குறைத்து வேறு பக்கம் விடுகின்றனவே, அதற்குத் தனிச் சொல் தேட வேண்டாம். மடைமாற்றம். பத்திரிகைக் கட்டுரைகளில் அடிக்கடி வருகிற சொல்தான். 'மின்வழங்கி'யிலிருந்து இதெல்லாம் வராது. தேக்கி, ஓட்டம் என்று மின்சாரத்துக்கு நாம் வைத்த பெயர்களே தண்ணீரிலிருந்து வந்தவை. மின்னேற்றியையும் விட வேண்டாம். கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்கள் நாம். மடை விடும், ஏற்றி ஏற்றும். ஜோடி சேர்கிறது.

மடையன் கேலிக்கு நான் பொறுப்பு. முதல் மடையன் நானே, 3.3 காருக்கு 7.2 வாங்கியவன்.

ஐயாவின் எச்சரிக்கையைப் படித்த பிறகு பெட்டியின் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 6 மில்லி ஆம்பியர் வசதி இருக்கிறது, தப்பித்தேன். எர்த்துக் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றியாயிற்று. தேவனாம்பட்டினத்துக் காற்று இரும்பை வைத்திருக்காது என்பதால் செம்பு போட்டிருக்கிறோம். பில்தான் இன்னொரு பாடம். புதுச்சேரியில் மாதா மாதம், எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அதில் 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. கார் வந்ததும் நாங்கள் தாண்டிவிட்டோம்.

நேற்று எலெக்ட்ரீஷியன் டிபி பெட்டியில் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று மார்க்கரால் எழுதிக் கொடுத்தார். மோட்டார், ஏசி, ஹால் என்று எழுதிக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்று, "இதுக்கு என்னன்னு எழுதட்டும்?" என்றார். மடை என்றேன். ஒரு நொடி பார்த்துவிட்டு எழுதினார். அவருக்கும் நெல் வயல் உண்டு.

அடுத்து, கேபிள் நுனியில் இருக்கும், காரில் செருகுகிற 'கன்'. போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பில் 'மின்னேற்றுத் துப்பாக்கி' என்று பார்த்தேன். கெண்டிக்கு மூக்கு இருக்கிற மாதிரி இதற்கும் ஒன்று இருக்கக் கூடாதா? யாராவது தொடங்குங்கள்.

— மஞ்சக்குப்பம், கடலூர்