டிரோன் படம், மருந்துத் துண்டு, களியாட்ட வரி: பிரபலத்தின் எதை எழுதலாம்?

கல்லடிப்பாலம்

நடந்த கதை இல்லை, வாதத்துக்காக வைக்கிறேன். ஆளைத் தேடி மினக்கெட வேண்டாம். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் இந்தியப் பாடகர் ஒருவரின் இசை நிகழ்ச்சி. ஆள் பாசிக்குடாவில் தங்குகிறார். முதல்நாள் பின்னேரம் உள்ளூர்ச் செய்திப் பக்கமொன்றுக்கு மூன்று சாமான் வந்து சேருகிறது.

ஒன்று, டிரோனில் எடுத்த படம். பாடகர் ஏழெட்டு வயது மகளோடு கடலில் குளிக்கிறார். இரண்டு, வைத்தியசாலையில் அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டின் போட்டோ. மருந்தின் பெயரைப் பார்த்தாலே மனநல வருத்தத்துக்கானது என்று தெரியும். மூன்று, ஏற்பாட்டாளரின் டிக்கெட் கணக்கும், பாடகருக்குக் காசு அனுப்பிய வங்கித் துண்டும். மாநகர சபைக்குக் களியாட்ட வரி கட்டிய டிக்கெட்டைவிட விற்ற டிக்கெட் கூட.

என் நிலைப்பாடு: மூன்றாவதைப் போட்டே ஆகவேண்டும். முதலாவதைப் போடலாம், கடற்கரை எல்லாருக்கும் பொது. இரண்டாவதை ஆசிரியர் தீர்மானிக்கட்டும், சட்டம் இடையில் வரவேண்டாம். பேச்சுரிமையை எதற்காகக் கட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 15(2) பட்டியல் போட்டிருக்கிறது: இன, மத ஒற்றுமை, பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். தனியுரிமை அதில் இல்லை.

சட்டக்கொப்பி

அண்ணே, ஐந்து உபபிரிவு தள்ளி 15(7)ஐயும் வாசியுங்க. மற்றவர்களின் உரிமைகளுக்கும் சுதந்திரங்களுக்கும் உரிய மதிப்பளிக்கச் சட்டம் இயற்றலாம் என்று அங்கே இருக்கிறது. 2015இல் 19ஆம் திருத்தத்தோடு வந்த 14அ, தகவல் உரிமையைத் தந்த கையோடு தனியுரிமையைப் பெயர் சொல்லியே விதிவிலக்காக வைத்தது.

அதுவும் இல்லாவிட்டால் ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த ரோமன் டச்சுச் சட்டம் இருக்கிறது. ஒருவரின் கண்ணியத்தை வேண்டுமென்றே குலைத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். கால எல்லை இரண்டு வருடம். பதிவை அழித்துவிட்டோம் என்றால் வழக்கு போய்விடாது. ஸ்கிரீன்ஷொட் எடுத்தவன் எடுத்ததுதான்.

பிரபலமானவர் என்றால் வாசல் திறந்தே கிடக்கும் என்ற எண்ணத்துக்கும் நம்முடைய நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. சண்டே டைம்ஸ் ஆசிரியர் சின்ஹ ரத்னதுங்க வழக்கில், பேச்சுச் சுதந்திரத்தைப் போர்வையாக்கிக்கொண்டு தனிப்பட்ட வாழ்க்கைக்குள் நுழையக்கூடாது, பொது ஆட்களும் இதற்கு விலக்கில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் எழுதியது.

கல்லடிப்பாலம்

அந்த வழக்கைக் கொண்டுவந்ததற்கு நன்றி, என் பக்கத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1995இல் வந்த ஒரு கிசுகிசுப் பத்தி. ஜனாதிபதி சந்திரிகா ஹோட்டல் விருந்தொன்றுக்கு நள்ளிரவு தாண்டிப் போனார் என்பதுதான் சங்கதி. அதற்கு ஆசிரியர்மேல் குற்றவியல் அவதூறு வழக்கு, ஒத்திவைத்த சிறைத்தண்டனை. நாட்டின் தலைவரைப் பற்றிய பத்திக்கு! 2002இல் அந்தக் குற்றத்தையே சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். நீங்க மேற்கோள் காட்டும் வரி, இடித்த வீட்டின் கதவு.

இன்னொன்று. 2004 மே 31இல் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் இதே மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்றுவரை ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. இப்படிப்பட்ட ஊரில் எழுதுகிறவன் கையில் இன்னுமொரு விலங்கு மாட்டலாமா என்று யோசித்துப் பேசுங்க.

வாவிக்கரை

நடேசன் எழுதினது அரசியலும் யுத்தமும். அவரைக் கொண்டுவந்து ஒரு பிள்ளை குளிக்கிற படத்துக்கு முன்னால நிறுத்தாதீங்க. அது அவருக்குச் செய்யிற மரியாதை இல்ல.

முதலாவது படத்துக்கு வாறன். கடற்கரை பொதுதான், பிள்ளை பொது இல்ல. இங்கிலாந்துப் பாடகர் போல் வெல்லரின் பிள்ளைகளை அமெரிக்காவில கலிபோர்னியாத் தெருவில படம் எடுத்தாங்க. எடுத்த இடத்தில அது சட்டப்படி பிழை இல்ல. ஆனா மெயில் ஒன்லைன் செய்தித்தளம் முகத்தை மறைக்காம இங்கிலாந்தில போட்டதுக்கு 2014இல் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து 10,000 பவுண் நட்டஈடு. 2015இல் மேல்முறையீட்டிலயும் அது நின்றது. எடுக்கிறது வேற, போடுறது வேற.

முகத்தை மட்டும் மங்கலாக்கிப்போட்டுத் தப்பலாம் எண்டும் நினைக்க வேணாம். பக்கத்தில அப்பாவை அடையாளம் தெரியும், மகள் ஒருத்திதான் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஹோட்டல் கூரையும் விழுந்திருந்தா அவங்க இப்ப எங்க இருக்காங்க எண்டதையும் சேர்த்துச் சொல்லிக் குடுக்கிறீங்க. மறைக்கிறதெண்டா பிள்ளையை முழுசா வெட்டி எடுக்கணும், ஆள் ஊரை விட்டுப் போன பிறகு போடணும். மறுகா அந்தப் படத்தில செய்தி எண்டு என்ன மிஞ்சும்? ஒரு ஆம்பிளை கடலில நிக்கிறார்.

ஏறாவூர்ப்பொடியன்

லைக் மிஞ்சும் அக்கா.

நிந்தவூர்_நானா

தம்பிமாரே, சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும். வந்த சாமானைக் கையாளத் தெரியாமத்தான் முக்காவாசிப் பக்கம் மாட்டுப்படுது.

டிரோன்: சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின்ட விதிகளுக்கு அமைய அனுமதியோட பறந்ததா எண்டு முதல்ல கேக்கணும். இல்லாட்டி படம் எப்பிடி வந்தது எண்ட கேள்வியிலயே நீங்க தோத்துருவீங்க. ஹெலிகொப்டரில போய் வீட்டுக்குள்ள படம் பிடிச்ச பிபிசிக்கு என்ன நடந்தது? பாடகர் கிளிஃப் ரிச்சர்டின்ட வீட்டைப் பொலிஸ் சோதனை போட்டது உண்மை. ஆனா அவரைக் கைதுசெய்யவும் இல்ல, குற்றம் சுமத்தவும் இல்ல. 2018இல் 2,10,000 பவுண் நட்டஈடு. செய்தி சரி, செய்த விதம் பிழை.

மருந்துத் துண்டு: இதைப் போட்டா முதல்ல அம்பிடுறது பாடகர் இல்ல, உங்களுக்கு அனுப்பின ஆள். துண்டில திகதி, கிளினிக் இலக்கம், வைத்தியரின்ட கையெழுத்து எல்லாம் இருக்கு. அந்த நேரம் கடமையில நாலு பேர் நிண்டிருப்பாங்க, விசாரணை அந்த நாலு பேரில முடிஞ்சிரும். போட்டோவை வாட்ஸ்அப்பில படமா அனுப்பினா இடம் நேரம் சொல்லுற எக்ஸிஃப் விபரம் பெரும்பாலும் கழண்டிரும். டொகியூமெண்டா அனுப்பினா அப்பிடியே வரும். அதைத் துடைக்காம அப்படியே தளத்தில ஏத்துறவங்க இருக்காங்க.

வங்கித் துண்டு: கணக்கிலக்கம், அடையாள அட்டை இலக்கம் ரெண்டையும் மறைக்கணும். பிடிஎஃப்பில கறுப்புப் பெட்டி வரைஞ்சா மறைஞ்சிராது, கீழ எழுத்து கிடக்கும், கொப்பி பண்ணி எடுக்கலாம். கட்டம் கட்டமா மங்கலாக்கின இலக்கத்தையும் திருப்பிக் கண்டுபிடிக்கிற வழி இருக்கு. கறுப்பால அடைச்சு, அதைப் படமா மாத்தி, அந்தப் படத்தை மட்டும் போடுங்க. மூலத்தைத் தொடாம வேறயா வையுங்க. நாளைக்கு வழக்கு வந்தா அதுதான் காப்பாத்தும்.

இவ்வளவும் சொன்னாலும் நான் கல்லடிப்பாலத்தின்ட பக்கம்தான். கவனமா இருக்கிறது பத்திரிகைக்காரன்ட வேலை, அதைக் கமிஷன் வைச்சுச் செய்யிறது அரசாங்கத்தின்ட வேலை இல்ல.

கல்லடிப்பாலம்

அதேதான் நானா. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரி 1இலிருந்து நடைமுறையில். தனிப்பட்ட தகவலை வெளியிட்டு ஒருவரைத் துன்புறுத்தினால் குற்றம். கேட்க நல்லாத்தான் இருக்கு. அடுத்தது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 மார்ச் 18இல் தொடங்கவேண்டிய பிரதான பகுதிகள் பிற்போடப்பட்டாலும் தண்டம் எழுதித்தான் கிடக்கிறது: ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை. ஆரையம்பதியில் இரண்டு பேர் நடத்தும் பக்கத்துக்கு ஒரு கோடி. ஊடகத்துக்கென்று தனி விலக்கு இல்லை. ஐரோப்பியத் தரவுச் சட்டத்தின் 85ஆம் பிரிவு ஊடகப் பணிக்கு விலக்கு வைக்கச் சொல்கிறது. இங்கே அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எடுத்திருக்கிறார்கள்.

சட்டக்கொப்பி

முழுக்க விடவில்லை. 40ஆம் பிரிவு கருத்துச் சுதந்திரத்துக்காகவும் தகவல் உரிமைக்காகவும் சட்டத்தின் மூலம் விலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறது. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் பொதுநலன் சார்ந்த விடயம் தனிப்பட்ட தகவலுக்குள் அடங்காது.

தனி விலக்கு தெளிவாக இல்லை என்பது குறைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். திருத்தக் கேட்போம். ஆனால் குறையுள்ள சட்டம் என்பதற்காக மருந்துத் துண்டைப் போடலாம் என்று வராது.

கல்லடிப்பாலம்

பொதுநலன் எது என்று ஆர் சொல்வது? நிகழ்நிலைக் காப்பு ஆணைக்குழுவுக்கு ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர்.

சட்டக்கொப்பி

அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

வாவிக்கரை

ஆணைக்குழு வேணாம் எண்டா பத்திரிகைக்காரரே எழுதின விதிக்கோவை இருக்கு. பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் கோவையில வீடு, குடும்பம், உடல்நலம், கடிதப் போக்குவரத்து எல்லாத்துக்கும் மதிப்புக் குடுக்கணும், மேலோங்கிய பொதுநலன் இருந்தா மட்டும் மீறலாம் எண்டு இருக்கு. 2003இல் தொடங்கின பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு அதை வைச்சுத்தான் பாக்குது. ஆனா முகநூல் பக்கம் நடத்துறவர் எத்தனை பேர் அந்தக் கோவைக்குக் கட்டுப்பட்டிருக்காங்க? பத்திரிகையின் சுதந்திரம் வேணும், பத்திரிகையின் கோவை வேணாம் எண்டா எப்பிடி?

இரண்டாவதுக்கு ஒரு அளவுகோல் சொல்றன். இங்கிலாந்து மொடல் நவோமி கேம்பல் வழக்கில, 2004, மிரர் பத்திரிகை போட்டதை ஐந்தாப் பிரிச்சாங்க: போதைப் பழக்கம் இருக்கு; சிகிச்சை எடுக்கிறா; எந்தக் குழுவிட்ட எடுக்கிறா; எப்ப, எப்பிடி; வாசலில எடுத்த படம். எனக்குப் போதைப் பழக்கம் இல்லை எண்டு அவவே வெளியில சொன்னதால முதல் இரண்டையும் போடலாம், பொய்யைத் திருத்தத்தானே வேணும். மற்ற மூன்றும் அத்துமீறல். அதுவும் 3க்கு 2 எண்ட கணக்கில வந்த தீர்ப்பு. நம்முட பாடகர் மனநலம் பற்றி எங்கயாவது பொய் சொன்னாரா? இல்லை எண்டா முதல் படியிலயே துண்டு கீழ விழுந்திருது.

கல்லடிப்பாலம்

அந்த வழக்கின் மிச்சத்தையும் சொல்லுங்க அக்கா. நட்டஈடு வெறும் 3,500 பவுண். வழக்குச் செலவென்று பத்திரிகையிடம் கேட்டது பத்து இலட்சம் பவுணுக்கு மேல். வென்ற வழக்கறிஞருக்குக் கொடுக்கும் மேலதிகக் கட்டணம் கருத்துச் சுதந்திரத்தை மீறுகிறது என்று ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011இல் சொன்னது. ஆளைக் கொல்வது தீர்ப்பு இல்லை, செலவுதான். இங்கேயும் மறுபக்கத்தைக் கேட்காமலே முதலில் 14 நாளுக்குத் தடையுத்தரவு எடுக்கலாம். 14 நாளில் கச்சேரியும் முடிந்து, மேடையையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

வெளியிடமுதல் தடுப்பது கூடாது என்று 1994இலேயே நக்கீரன் பத்திரிகை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரணதண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையில் தங்கள் பெயர் வந்துவிடும் என்று பயந்து மறித்தது சிறை அதிகாரிகள்.

சட்டக்கொப்பி

சரி, அந்தத் தீர்ப்பையும் முழுசா எடுங்க. பொதுப் பதிவேட்டில் உள்ளதை அனுமதியில்லாமல் எழுதலாம், அதிகாரிகளின் கடமை சார்ந்ததை எழுதலாம். மற்றபடி ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைகள் பற்றி அனுமதியின்றி எழுதினால் பிறகு நட்டஈடு உண்டு என்றும் அதே தீர்ப்புத்தான் சொல்கிறது. மருந்துத் துண்டு பொதுப் பதிவேடா?

ஆனால் மூன்றாவது சாமானுக்கு இந்த அளவுகோல் உங்க பக்கம்தான் நிற்கிறது. களியாட்ட வரி பொதுக் காசு. அதற்குக் கசிந்த வங்கித் துண்டே தேவையில்லை. எத்தனை டிக்கெட்டுக்கு வரி கட்டினார்கள் என்று மாநகர சபையின் தகவல் அலுவலரிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்க. 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் உரிமை ஆணைக்குழு.

நிந்தவூர்_நானா

'மூன்றாம் ஆளின்ட தனிப்பட்ட தகவல்' எண்டு அதே சட்டத்தின்ட 5(1)(அ)வைக் காட்டி மறுத்தா? கடலுக்கு அங்கால அதுதானே நடந்தது. 2023 தரவுச் சட்டத்தால இந்தியாவின்ட தகவல் உரிமைச் சட்டம் 8(1)(ஒ)வில இருந்த பொதுநலன் சமநிலையை வெட்டிப்போட்டாங்க.

சட்டக்கொப்பி

நம்முடைய 5(1)(அ)வில் பொதுநலன் சொல் இன்னும் நிற்கிறது நானா. அதில் கைவைக்க வந்தால் நானும் உங்களோடு தெருவில் நிற்பேன்.

மறுத்தாலும் கணக்குப் பார்க்க வழி உண்டு. டிக்கெட் அடிக்கட்டையில் தொடர் இலக்கம் இருக்கும். ஒவ்வொரு விலைக்கும் கடைசி இலக்கத்தைப் பார்த்தவர்களிடம் கேட்டு எழுதுங்க. சபை முத்திரை இல்லாத டிக்கெட்டைப் படம் எடுத்து வையுங்க. வெளியிடமுதல் ஏற்பாட்டாளருக்குக் கேள்வியை எழுத்தில் அனுப்பி, பதிலுக்கு நேரம் குறித்து, வந்த பதிலை வெட்டாமல் போடுங்க. இப்படி எழுதினால் தடையுத்தரவு கேட்டு வருகிறவரிடம் நீதிமன்றமே நிறையக் கேள்வி கேட்கும்.

கல்லடிப்பாலம்

மூன்றாவதில் ஒத்துப்போய்விட்டோம். முதலாவதில் பிள்ளையை வெட்டி எடுக்கச் சம்மதம், தகப்பனை வெட்டச் சம்மதமில்லை.

இரண்டாவதில் ஒரு முடிச்சு விட்டுப்போச்சு. பாடகர் மேடைக்கு வரமுடியாத நிலை என்று ஏற்பாட்டாளருக்கு இரண்டு கிழமைக்கு முதலே தெரியும், தெரிந்துகொண்டே டிக்கெட் விற்றார் என்று வையுங்க. அப்போ காசு கொடுத்தவனுக்கு அந்தத் துண்டு தேவைதானே?

வாவிக்கரை

அவனுக்குத் தேவை திகதி, மருந்தின் பெயர் இல்ல. 'பாடகருக்குச் சுகமில்லை எண்டது இந்தத் திகதியிலேயே ஏற்பாட்டாளருக்குத் தெரியும், அதுக்குப் பிறகும் டிக்கெட் வித்திருக்காங்க' எண்டு எழுதுங்க, பாடகரின் ஆக்களிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. துண்டைப் போட வேணாம்.

கல்லடிப்பாலம்

துண்டைக் காட்டாமல் திகதி சொன்னால், பொய் என்று ஏற்பாட்டாளர் வழக்குப் போடுவாரே?

நிந்தவூர்_நானா

போடட்டும். துண்டு உங்கட கையில இருக்குத்தானே, ஆனா அதை வைச்சு வழக்கை வெல்லப் பாக்காதீங்க. தந்த ஆள் அங்கதான் அம்பிடுவார். திகதியை உறுதிப்படுத்த ஏற்பாட்டாளரின்ட பக்கத்தில இன்னொரு ஆளைப் பிடிங்க. மேடை, ஒலிபெருக்கிக்காரருக்கு எப்ப அட்வான்ஸை நிப்பாட்டினாங்க எண்டு கேட்டாலே பாதி வந்திரும்.