என்சிசியா, என்எஸ்எஸ்ஸா? சீனியர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் என்சிசி (தேசிய மாணவர் படை), என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்), ஒய்ஆர்சி (இளையோர் செஞ்சிலுவைச் சங்கம்) மூன்றில் ஒன்றுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். தமிழ் மன்றம், ரோபோடிக்ஸ் கிளப் தனி. அவற்றில் எத்தனை வேண்டுமானாலும் சேரலாமாம்.

விசாரித்த வரையில், என்எஸ்எஸ் என்றால் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஒரு 7 நாள் முகாம். சமாளித்துவிடுவேன். ஆனால் மனசு என்சிசி பக்கம்தான் போகிறது. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு இருந்தால், என்சிசி சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரிகளைத் தேர்வு செய்யும் எஸ்எஸ்பி நேர்காணலுக்கு நேராகப் போகலாம் என்பது பெரிய ஆசை. அதற்கு மூன்று வருடம் விடாமல் பரேடு போக வேண்டுமே!

சிக்கல் என்னவென்றால் நான் தினமும் வீட்டிலிருந்து வருகிறவள். ஐந்து மணி கல்லூரிப் பேருந்தை விட்டால் இரண்டு டவுன் பஸ் மாற வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன்.

வீட்டிலிருந்து வந்துபோய் என்சிசி முடித்த அக்காக்கள் யாராவது இருக்கிறீர்களா? பரேடு நாளில் எப்படி வீடு திரும்பினீர்கள்? முகாமுக்குப் போனபோது விட்டுப்போன லேப் வகுப்புகளை எப்படி ஈடுகட்டினீர்கள்? அப்புறம், ரோபோடிக்ஸையும் சேர்த்து இழுக்க முடியுமா, இல்லை அது பேராசையா?