தோள்பட்டை வலியோடு எப்படி நடமாடினீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பந்தய சாலை (கோவை, 52 வயது)

என்னைக் காட்டிக்கொடுத்தது என் பர்ஸ்தான். பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின் பாக்கெட்டுக்குக் கையைக் கொண்டுபோனேன். வலது கை இடுப்போடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு அங்குலம் போகவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். இடது கையை முதுகுப் பக்கம் வளைத்து எப்படியோ பர்ஸை உருவிக் காசு கொடுத்தேன்.

தினமும் காலை ஷட்டில் ஆடுகிறவன் நான். ஸ்மாஷ் அடித்ததில் பிடித்துக்கொண்டிருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு மாதம் போயும் குறையவில்லை. ராத்திரிதான் கொடுமை. வலது பக்கம் புரண்டால் யாரோ குத்தி எழுப்புவதுபோல விழிப்பு வந்துவிடும். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. "கொஞ்சம் ரெஸ்ட் கொடுங்க" என்றார் டாக்டர்.

அந்த ரெஸ்ட் என்ற ஒரு சொல்லை நான் எடுத்துக்கொண்ட விதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஷட்டிலை நிறுத்தினேன். சரி, அது நியாயம். காலை நடையையும் நிறுத்தினேன். மாடிப்படி ஏறுவதைக் குறைத்தேன். கையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு நாலு மாதம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிற ஆள் நான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.1-இல் இருந்து 8.6-க்குப் போனது, எடை நாலு கிலோ கூடியது. தோளும் முன்பைவிட இறுகிப்போயிருந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்த சர்க்கரை டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "வலி தோள்பட்டையில்தானே? காலுக்கு என்ன வந்துச்சு?" பதில் சொல்ல வரவில்லை. அவர்தான் பிசியோவிடம் அனுப்பினார்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். முதலில் என்னையே கையைத் தூக்கச் சொன்னார். அப்புறம் என்னைத் தளர்வாக விடச் சொல்லிவிட்டு அவரே தூக்கிப் பார்த்தார். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னபோது கதவு சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. "தசைநார் கிழிஞ்சிருந்தா நீங்க தூக்க முடியாது, ஆனா நான் தூக்கினா பெரும்பாலும் வரும். இது ரெண்டுக்குமே வரலை. ஃப்ரோஸன் ஷோல்டர்" என்றார். மூட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கிறதாம். அது தடித்து, துவைத்துச் சுருங்கின காட்டன் சட்டை மாதிரி ஆகிவிடுகிறதாம். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில்தான் அதிகம் வருகிறது. சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். முதலில் வலி, அடுத்து இறுக்கம், கடைசியில் மெல்ல இளகுவது என்று மூன்று கட்டம். எல்லாம் முடிய ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம் என்றதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "ஜப்பான்ல இதுக்குப் பேரே ஐம்பது வயதுத் தோள்தான் சார். நீங்க ரெண்டு வருஷம் லேட்டா வந்திருக்கீங்க" என்று சிரித்தார்.

மறுநாளே ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போனேன். ஒரு சுற்று சுமார் 2.5 கிலோமீட்டர். முதல் நாள் வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தேன், கால் சுற்றிலேயே கழுத்து பிடித்துக்கொண்டது. பிசியோவிடம் சொன்னதற்கு, "கையை ஏன் கைதி மாதிரி வெச்சிருக்கீங்க? தொங்க விடுங்க, அது ஆடுற அளவுக்கு ஆடட்டும்" என்றார். வலி அதிகமான நாட்களில் மட்டும் கட்டைவிரலைப் பேன்ட் பாக்கெட்டில் மாட்டிக்கொள்வேன். இரண்டு வாரத்தில் ஒரு சுற்று, இரண்டாவது மாதத்தில் இரண்டு சுற்று. கை அப்போதும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கம் வந்தது.

வீட்டில் செய்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையை இடது கையால் பிடித்துக் குனிந்து, வலது கையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு ஆட்டுவது. கையால் ஆட்டக்கூடாது, உடம்பை அசைத்தால் கை தானாக ஆட வேண்டும். இது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. இதற்குக் காட்மன் பயிற்சி என்று பெயர். ஃப்ரோஸன் ஷோல்டர் என்ற பெயரையே 1934-இல் வைத்தவர் காட்மன் என்ற அந்த அமெரிக்க டாக்டர்தானாம். அப்புறம் இரண்டு கையாலும் குடையைப் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் கெட்ட கையை வெளிப்பக்கம் தள்ளுவது. எவ்வளவு வலிக்கலாம் என்பதற்கு பிசியோ ஒரு கணக்கு சொன்னார். செய்யும்போது இழுக்கலாம், ஆனால் அன்று ராத்திரியும் வலித்தால் அன்றைக்கு அதிகம் செய்துவிட்டீர்கள்.

நடுவில் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலி நன்றாகக் குறைந்தது, ஆனால் சில நாள் சர்க்கரை 300-ஐத் தாண்டியது. முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் பயப்படவில்லை. சர்க்கரைக்காரர்கள் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஷட்டில் கோர்ட்டுக்கும் போனேன், ஸ்கோர் சொல்ல. பிறகு சின்னப் பிள்ளைகளோடு இடது கையால் ஆடினேன். சர்வீஸ் போட்டால் காக் வலையை எட்டிக்கூடப் பார்க்காது. எட்டு வயதுப் பையன் "அங்கிள், நீங்க நல்லா ஆடுவீங்கன்னு அப்பா சொன்னாரே?" என்று கேட்டான். பதினான்கு மாதம் ஆகிறது. கை இப்போது மேல் அலமாரி வரை போகிறது, முதுகுப் பக்கம் மட்டும் இன்னும் மிச்சம். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

சாக்பீஸ் டீச்சர் (திருநெல்வேலி)

அண்ணா, உங்களுக்குப் பர்ஸ் என்றால் எனக்கு ப்ளவுஸ் கொக்கி. எனக்கும் அதே வலது தோள், வயது 47, தைராய்டு மாத்திரை ரொம்ப நாளாக. தலை வாரவே பத்து நிமிஷம் ஆகும். முன்பக்கக் கொக்கி வைத்து நாலு ப்ளவுஸ் தைத்துக்கொண்டேன். போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவோ கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

கரும்பலகையில் மேல் பாதி எனக்கு இல்லாமல் போனது. கீழ் பாதியில் எழுதினால் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. பிசியோவில் சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே ஊர விடச் சொன்னார்கள். வீட்டில் செய்ய நேரம் ஏது? வகுப்பு தொடங்குமுன் கரும்பலகை ஓரத்துச் சுவரிலேயே ஊர விட்டு, எட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். முதல் கோடு என் தாடை உயரத்தில் இருந்தது. பிள்ளைகள் என்னைவிட மும்முரம். "டீச்சர், இன்னைக்கு ரெண்டு விரல் கூட!" என்று கத்துவார்கள். குறைந்த நாளில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கோடு என் தலையைத் தாண்டிப் போனபோது கோடை விடுமுறை வந்தது. திரும்பி வந்து பார்த்தால் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த வருத்தம் போகவில்லை.

மற்றபடி மதிய இடைவேளையில் மைதானத்தை நாலு சுற்று. கோலத்துக்கு இடது கை பழகிக்கொண்டேன், புள்ளி நேராக வர ஒரு மார்கழி தேவைப்பட்டது. கிரைண்டர் கல்லைத் தூக்குவது இன்றுவரை வீட்டுக்காரர் வேலைதான். அதை நான் திரும்பக் கேட்டு வாங்கப்போவதில்லை.

சும்மா இருந்தவன் (விழுப்புரம்)

எனக்கும் ரெண்டு வருஷம் முன்னால் இதே இறுக்கம் இருந்தது. பிசியோவும் இல்லை, குடையும் இல்லை. ஒன்றுமே செய்யவில்லை, தானாகப் போய்விட்டது. இதற்கு இவ்வளவு பேச்சா?

பந்தய சாலை

தானாகவே போகிறவர்கள் நிறையப் பேர், அதை பிசியோவும் சொன்னார். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா? அந்தச் சமயத்தில் என்ன வேலை செய்தீர்கள்?

சும்மா இருந்தவன்

சர்க்கரை இல்லை. பால் ஊற்றுகிறேன். காலையும் சாயங்காலமும் சைக்கிளில் அக்கம்பக்கம் நாலு ஊர்.

சாக்பீஸ் டீச்சர்

இதற்குப் பெயர் ஒன்றும் செய்யாததாம்!

ரைடர் தம்பி (ராமநாதபுரம், 23)

நீங்கள் எல்லாம் சொல்வது இறுகின தோள். என்னுடையது கழன்ற தோள். அதனால் மேலே இருக்கிற பயிற்சியை என்னை மாதிரி ஆட்கள் அப்படியே செய்ய வேண்டாம்.

கபடியில் ரைடு போனபோது இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள், ஒருவன் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம். தோள் சப்பையாகி, முன்னால் ஒரு உருண்டை துருத்திக்கொண்டு நின்றது. மைதானத்தில் ஒரு பெரியவர் "நான் போட்டு விடுறேன்" என்று கையைப் பிடிக்க வந்தார். எங்கள் கோச் தடுத்துவிட்டார். நரம்பு மாட்டிக்கொண்டால் கையே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். அங்கே மயக்க மருந்து கொடுத்துப் பொருத்தினார்கள். மூன்று வாரம் ஸ்லிங்.

தப்பு அடுத்தது. வலி போய்விட்டது என்று ஐந்தாவது வாரமே யாருக்கும் சொல்லாமல் களம் இறங்கினேன். ஊர்த் திருவிழா மேட்ச், விட மனசில்லை. அதே கை, இந்த முறை இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எம்ஆர்ஐயில் மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பு கிழிந்திருந்தது. இள வயதில் ஒரு தடவை கழன்றால் மறுபடி கழல்வதற்குத்தான் வாய்ப்பு அதிகமாம். துளை போட்டு ஆபரேஷன் செய்து தைத்தார்கள்.

ஆறு மாதம் கபடி கிடையாது, மூன்று மாதம் ஓடவும் விடவில்லை. பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. ஜிம்மில் நிற்கிற சைக்கிளை ஒரு கையால் பிடித்து மிதித்தேன். எடை இல்லாமல் குந்தி எழுவது, படி ஏறுவது. ஒவ்வொரு சாயங்காலமும் மைதானத்துக்குப் போய் லைன் அம்பயராக நின்றேன். நின்று பார்த்தபோதுதான் என் பழைய ரைடில் எவ்வளவு அவசரம் என்று தெரிந்தது. டாக்டர் ரொம்ப நாள் தடை போட்டது ஒரே ஒரு நிலைக்குத்தான். கல்லெறியக் கையை ஓங்குவோமே, அந்த நிலை. தூக்கத்தில்கூட அப்படி வைக்காமலிருக்கத் தலையணையைக் கட்டிக்கொண்டு படுப்பேன். இப்போது திரும்ப ஆடுகிறேன். அந்தப் பக்கம் கை நீட்டித் தொடுவதில்லை, கால்தான்.

காவிரிக்கரை மகள் (கும்பகோணம் பக்கம்)

எங்கள் அம்மாவுக்கு 71. தசைநார் கிழிசல். முதலில் தெரிந்தவர் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவப் போய், அவர் முழங்காலை வைத்துக் கையை இழுத்ததில் மூன்று நாள் சோறு பிசைய முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். வயதைப் பார்த்து ஆபரேஷன் வேண்டாம், பயிற்சியே போதும் என்றார்கள்.

கதவில் மாட்டும் கப்பி ஒன்று வாங்கச் சொன்னார்கள். அம்மா, "அதுக்கு எதுக்குக் காசு?" என்று தூர்ந்துபோன கிணற்றுச் சகடையைத் தேடி எடுத்துக் கழுவி, திண்ணை உத்தரத்தில் கட்டச் சொன்னார். கயிற்றின் இரண்டு முனையிலும் பழைய துண்டை முடிச்சுப் போட்டுப் பிடி. நல்ல கை கீழே இழுத்தால் கெட்ட கை மேலே போகும். சாயங்கால சீரியல் முழுக்க அது கிறீச் கிறீச் என்று கேட்கும். எண்ணெய் போடட்டுமா என்றால் வேண்டாம் என்பார். சின்ன வயதில் தினம் நாற்பது குடம் இறைத்த சத்தமாம் அது.

கோயிலுக்கு நடப்பதை ஒரு நாளும் விடவில்லை. கூடையை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டார்.

பிபி மாத்திரை (சேலம்)

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனுக்கு இடது தோள் வலி என்று ஒரு வாரம் தைலம் தேய்த்தோம். கையை ஆட்டினால் வலி இல்லை, மாடி ஏறினால் மட்டும் வரும், கூடவே வியர்வை. அது இதயம். சந்தேகம் வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனதால் பிழைத்தார். கை அசைவுக்குச் சம்பந்தமே இல்லாத தோள் வலியோடு யாரும் நடைப்பயிற்சிக்குக் கிளம்ப வேண்டாம்.

பந்தய சாலை

இதை நான் எழுதும்போது நினைக்கவே இல்லை, நல்லவேளை நீங்கள் சொன்னீர்கள். தம்பி, காலால் தொடுவது போதும், கையை மறந்துவிடுங்க. அம்மாவின் சகடைக்கு ஒரு கும்பிடு.

நேற்று அதே பங்க்குக்குப் போனேன். கை பின்னால் போனது, இரண்டு விரலால் பர்ஸின் விளிம்பைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் மூச்சுப் பிடித்து உருவி வெளியே எடுத்து, பெருமையாக நோட்டை நீட்டினேன். "சில்லறை இல்லைங்க, ஸ்கேன் பண்ணிருங்க" என்றான் பையன்.