பிளாஸ்டிக் குப்பையிலிருந்து டீசல்: ஊருக்கு ஊர் வைக்கலாமா?

உலைக்களம்:
2019-ல் டேராடூனில் இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிலையமும் எரிவாயு நிறுவனமான கெயிலும் சேர்ந்து ஓர் ஆலை திறந்தார்கள். நாளுக்கு ஒரு டன் பிளாஸ்டிக், 800 லிட்டர் டீசல் என்று அறிவிப்பு. ஆக்சிஜன் படாமல் சூடாக்கினால் நீண்ட மூலக்கூறு அறுந்து ஆவியாகும். வினையூக்கி அதை டீசல் அளவுக்கு நறுக்கித் தரும். மிஞ்சும் வாயுவை எரித்தே உலையைச் சூடாக்கலாம். இதை ஏன் ஒவ்வொரு நகராட்சியிலும் வைக்கக் கூடாது?

ஓரங்கட்டு:
குப்பை என்ன வெறும் பால் பாக்கெட்டா? பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் என்றால் சரி. நடுவே பிவிசி விழுந்தால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். உலையை அரிக்கும், வினையூக்கியும் போச்சு. பெட் பாட்டில் போட்டால் எண்ணெய்க்குப் பதில் டெரிப்தாலிக் அமிலமும் பென்சோயிக் அமிலமும் வந்து படிந்து குழாயை அடைக்கும். சரி, தரம் பிரித்துக் கழுவிக் காயவைத்தே தருகிறோம் என்று வையுங்கள். அந்தச் சரக்கைக் காயலான் கடைக்காரரே காசு கொடுத்து வாங்கிக்கொள்வாரே!

உலைக்களம்:
கசங்கிய கேரி பையை எந்தக் கடைக்காரர் வாங்குகிறார்? அது குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது. 2022-ல் சென்னைப் பெருங்குடி கிடங்கு எரிந்தது, 2023-ல் கொச்சி பிரம்மபுரம் கிடங்கு. அந்தப் புகைக்கு மூடிய உலை மேல்.

ஜல்லிக்கரண்டி:
உலையே எதற்கு? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் காட்டிய வழி இருக்கிறதே. துண்டாக்கிச் சூடான ஜல்லியில் தூவி, தாரோடு கலந்து ரோடு போடலாம். 2018-ல் பத்மஸ்ரீகூடக் கொடுத்தார்கள்.

ஓரங்கட்டு:
அந்த ரோடு தேயும்போது துகள் எங்கே போகும் என்பது தனிச் சண்டை, அப்புறம் வைத்துக்கொள்வோம். டீசல் கணக்குக்கு வருகிறேன். 800 லிட்டரை எரித்தால் 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு. ஒழுங்காகப் புதைத்திருந்தால் அந்தக் கார்பன் மண்ணுக்குள் இருந்திருக்கும்.

உலைக்களம்:
லாரி எப்படியும் ஓடத்தானே போகிறது? இந்த டீசல் இல்லையென்றால் அதே அளவு கச்சா எண்ணெயிலிருந்து வரும். அதைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் எப்படி?

ஓரங்கட்டு:
கழியுங்கள். தரம் பிரிக்கும் கூலி, வினையூக்கியில் கரி படிந்து மாற்றும் செலவு, இரண்டையும் சேர்த்தே கழியுங்கள். இன்னொன்று: நாளுக்கு ஒரு டன் தீனி கேட்கும் ஆலைக்குக் கடன் வாங்கிய நகராட்சி, கேரி பை தடையை உண்மையிலேயே அமல்படுத்துமா?

உலைக்களம்:
சின்ன ஆலையாக வையுங்கள் என்கிறேன். தடையை மீறி வருவதே அதற்குப் போதும்.